சிகரெட் அட்டையில் ஒரு பொட்டு

ஃப்ரீமான்ட்டின் ஞாயிற்றுச் சந்தை. சிகரெட் பெட்டிகளுக்குள் அந்தக் காலத்தில் வைத்துக் கொடுத்த விளம்பர அட்டைகளை ஒருவர் பரப்பியிருக்கிறார். பாம்பாட்டி, ஆணிப்படுக்கைச் சாமியார், அடுத்து ‘இந்து விதவை’. அவள் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலை நிறையப் பூ.

“நீங்க இந்தியர்தானே? படம் சரியா இருக்கா?” என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்கிறார்.

மருமகள் மாலதி அருகில் நிற்கிறாள். என் மகன் இறந்ததிலிருந்து அவள் பொட்டு வைப்பதில்லை. வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

“தப்பா வரைஞ்சிருக்கான், மாமா. சொல்லிடுங்க,” என்கிறாள், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைக்காரர் காத்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் மாணவர்களின் பிழைகளைத் திருத்தியவன் நான். அவருக்குத் தமிழிலேயே பதில் சொல்கிறேன்.

“சரியாத்தான் வரைஞ்சிருக்கான்.”