பூங்காவனத்தின் இடது கண்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பூங்காவனத்துக்குக் கோபக்காரி என்று பெயர். டீ ஆறியிருந்தால் கேண்டீன்காரருக்கு, பஸ் நிற்காவிட்டால் கண்டக்டருக்கு, இரண்டும் ஒழுங்காக இருந்தால் கணவர் எத்திராஜுக்கு என்று பங்கு வைத்துத் திட்டுவார். ஆனால் பதினாறு வருடமாகக் கம்பெனி மாதாமாதம் நீட்டும் பாதுகாப்புப் படிவத்தில் மட்டும் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார். 'கண்ணாடி அணிந்தே வேலை செய்கிறேன்' என்றிருக்கும் அதில். கண்ணாடிகளோ பூட்டிய பீரோவில். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வந்து காற்று வாங்கும்.

கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறிக்கும் துகள் கண்ணில் விழுந்தால், பக்கத்து மெஷின் கண்ணம்மா இமையைப் புரட்டிப் புடவை நுனியால் எடுப்பார். வராவிட்டால் பழைய ஸ்பீக்கர் காந்தம்.

ஐம்பத்தொரு வயதில், நின்றுபோன உதிரப்போக்கு மறுபடி தொடங்கியது. பரிசோதனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

"மருந்து ஏத்தி எம்ஆர்ஐ எடுக்கணும்மா," என்றார் டாக்டர் மைதிலி. "கட்டி கர்ப்பப்பை வாயோட நின்னுருந்தா ஆபரேஷன். பக்கத்துச் சதைக்குப் போயிருந்தா கதிர் சிகிச்சை. அது தெரியாம நான் கத்தியத் தொட மாட்டேன்."

ஸ்கேன் சென்டரிலும் ஒரு படிவம், இருபது கேள்விகள். பூங்காவனம் பழக்கப்படி எதையும் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை 'இல்லை' என்று டிக் அடித்தார். டெக்னீஷியன் லாவண்யா வாயாலும் கேட்டார்.

"எங்கம்மா வேலை?"

"எஸ்டேட்ல. கிரைண்டிங்கு."

"கண்ணுல இரும்பு எதுனா விழுந்துருக்கா?"

"இன்னாம்மா கேள்வி இது? வாரத்துக்கு ரெண்டு வாட்டி வுயும். காந்தம் வச்சி எடுத்துருவோம்."

"உள்ள இருக்கற ஸ்கேன் மெஷினும் பெரிய காந்தம்தான். கண்ணுல துகள் மாட்டியிருந்து அசைஞ்சா பார்வையே போயிடும்."

எக்ஸ்ரேயில் இடது கண்ணருகே ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்கேன் நின்றது. பூங்காவனம் வாசலிலேயே நின்று சூப்பர்வைசர் கௌதமுக்கு போன் போட்டார்.

"என் கண்ணுல உன் இரும்பு கீதுடா!"

"அக்கா, கண்ணாடி போட்டேன்னு மாசாமாசம் நீங்கதானே சைன் பண்ணீங்க? ஃபைல்ல இருக்கே."

"யாரு மூஞ்சிக்குடா கண்ணாடி? உன் பீரோவுக்கா?"

ஃபைலின்படி கௌதம் சொன்னது உண்மை. அசிங்கமே அதுதான்.

இமைக்கு உள்ளே புதைந்திருந்த துகளைக் கண் டாக்டர் எடுத்தார். ஒன்பதாம் நாள் பூங்காவனம் மெஷினுக்குள் போனார். உள்ளேயும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே கிடந்தார். "திட்டலாம்மா, ஆடக் கூடாது," என்றது லாவண்யாவின் குரல். கடைசியில் கையில் மருந்து குளிர்ந்து ஏறியது.

கட்டி வலப்பக்கச் சதைக்குள் பரவியிருந்தது. ஆபரேஷன் கிடையாது என்றார் டாக்டர் மைதிலி.

"இந்த ஒம்போது நாள்லதான் தாண்டிச்சா?" பூங்காவனம் எதிர்பார்த்தது 'ஆமாம்' என்ற ஒரு சொல்லை. கௌதமை உரிக்க அது போதும்.

"இல்லம்மா. இது மாசக்கணக்கு. எப்பலேர்ந்து ரத்தம் படுது?"

"எட்டு மாசமா. லீவு கேட்டேன். ஆர்டர் முடியட்டும்னான். நானும் சரின்னுட்டேன்."

சரியென்று சொன்ன தன்மேல்தான் அன்றைக்கு அதிகக் கோபம். வெளியே எத்திராஜ் குரலைத் தாழ்த்தினார்: "யார் கேட்டாலும் சாதா கட்டின்னு சொல்லு."

கதிர் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தின நாள், ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துப் பூங்காவனம் கம்பெனி கேட்டில் போய் நின்றார். கண்ணம்மாவும் மற்ற பெண்களும் வெளியே வந்தார்கள்.

"எனக்குக் கர்ப்பப்பை வாய்ல கேன்சருடி. ரத்தம் பட்டுச்சின்னா லீவு கேட்டுகினு நிக்காதீங்க, போயிடுங்க!"

செக்யூரிட்டி ஓடி வந்து, மெதுவாகப் பேசச் சொன்னார்.

பூங்காவனம் மறுபடி முதலிலிருந்து, இன்னும் உரக்கத் தொடங்கினார்.