வாத்துக் கறியில் கருவாட்டு வாடை

வாத்து வளர்ப்பது சுலபம். அதன் கறியை வாடையில்லாமல் தட்டில் வைப்பதுதான் தொழில். பண்ணை வைத்து, வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் பாராட்டு

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஷிப்டை விட்டுவிட்டு வாத்துப் பண்ணை ஆரம்பித்தேன். மீன் கழிவு சும்மா கிடைத்தது. அதையே தீனியாகக் கொட்டினேன், வாத்துகளும் கொழுகொழுவென்று வளர்ந்தன. எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்தும் சுசீலா அக்காதான் முதல் வாடிக்கை. அவர் என் வாத்தைச் சமைத்த அன்றைக்கே ஒரு டிரைவர் தட்டைத் தள்ளிவிட்டு, மெஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இன்னாக்கா, வாத்துன்னு சொல்லிட்டு கருவாட்ட வச்சிக்கினு இருக்க?"

மூட்டை

அக்கா இன்னும் ஒரே ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார். அதுவும் தேறாவிட்டால் பண்ணையை மூடிவிட்டு மறுபடி ஷிப்டுக்குப் போவது என்று நானும் மனைவி மேரியும் முடிவு செய்தோம்.

கால்நடை டாக்டர் மீன் கழிவை நிறுத்தச் சொன்னார். தவிடு, நொய்யோடு கொஞ்சம் ஆளி விதைப் பொடி சேர்த்தால் கறி மெத்தென்று இருக்கும், ஆனால் அன்றன்றைக்கு அரைத்துப் போட வேண்டும் என்றார். பாதியைத்தான் காதில் வாங்கினேன். ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் மில்லில் அரைத்து மூட்டை கட்டினேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு!

அக்காவிடம் கொண்டுபோகும் முன் மேரி அந்தத் தீனி தின்ற ஒரு வாத்தை மசாலா இல்லாமல் உப்பு மட்டும் போட்டு வேகவைத்தாள். மசாலா போட்டால் வாடை ஒளிந்துகொள்ளுமாம். மூடியைத் திறந்தால் மறுபடி அதே கவுச்சி. நான் வாத்துகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் நேராகப் போய் மூட்டையை அவிழ்த்தாள். அரைத்து நாளான பொடி எண்ணெய்ச் சிக்குப் பிடித்து நாறியது. "வாத்து மேல தப்பு இல்லய்யா. நீ போட்ட தீனிய நீயே மோந்து பாரு."

ஆவி

அடுத்த குஞ்சுகளுக்குத் தினமும் காலையில் மிக்சியில் அரைத்து, டீ கிளாஸால் அளந்து போட்டோம். வளர்ந்ததும் முதல் வாத்தை அக்காவிடம் கொண்டுபோய், உப்பு மட்டும் போட்டு வேகவைக்கச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து ஆவியில் முகத்தை வைத்தார். மசாலா தாளித்து, அந்தப் பழைய டிரைவர் வந்ததும் அவருக்கே முதலில் பரிமாறினார்.

டிரைவர் எலும்பைக்கூட விடவில்லை. "ஒரு பார்சல் கட்டுக்கா, ஊட்ல சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில்தான். அக்கா என் பக்கம் திரும்பினார். "வாரம் எட்டு வாத்து கொண்டா. தீனிய மாத்துனன்னு வச்சிக்கோ, ஆள மாத்திடுவேன்."

இன்றைக்கும் என் வாத்துகளுக்குத் தினமும் புதிதாக அரைத்த விதை. எனக்குத்தான் பல நாள் நேற்றைய குழம்பு.