மிளகாய்ச் சாக்கு போர்த்திய நாவல் மரங்கள்

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நாவல் பழம் வாங்கினேன். டெல்லியில் அதைச் சும்மா தரமாட்டார்கள். சட்டியில் போட்டு, கறுப்பு உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, மூடிக் குலுக்கி, இலையில் கொட்டித் தருவார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் தும்மலோடு மங்கா அக்கா ஞாபகமும் வந்துவிட்டது. இலையைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். மூன்றாவதில் ஏறின பிறகு, வீட்டைப் பூட்டினோமா என்ற கவலை. அது எப்போதும் வருவதுதான். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காவது தரமும் இழுக்கிற ஆள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு டெல்லிக்கு வந்த எனக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர் மளிகைக் கடை ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை. கூடப் பிறந்த மங்கா அக்கா நாலாக் கரையில் குடிசை போட்டிருந்தாள். நாலா என்றால் ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேரும் பெரிய கால்வாய். குடிசைக்குள் நடுவில் ஒரு திரை, அக்காவும் மாமாவும் அதற்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சுற்றி முப்பது நாற்பது குடிசை, எல்லாம் விழுப்புரம் பக்கத்து ஜனங்கள். எதிர்க்கரையில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். அங்கே அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அதில் ஒன்று சபேசன் சார் வீடு.

சபேசன் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் கான்வாஸ் ஷூவும் தோளில் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். பின்னால் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர். எங்கே காலி மண் கண்டாலும் மரம் நடுவார்கள். யூகலிப்டஸ் என்றால் சாருக்கு ஆகாது. இந்த மண்ணுக்குப் பழகிய நாவல், வேம்பு, மருது, புரசு, இவைதான். ஒருநாள் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார்.

"நாலா போக, குடிசைங்களச் சுத்தி மூணு பக்கமும் மரம் வைங்கப்பா. பச்சையா இருக்கிற எடத்த எவனும் இடிக்க மாட்டான். நான் இருக்கேன்ல."

எங்களுக்கு அப்போது இடிப்பைத் தவிர வேறு பயமே கிடையாது. தமிழில் ஒருத்தர் வந்து நான் இருக்கேன் என்று சொன்னதும் நம்பிவிட்டோம். அக்கா மட்டும், "மரத்துக்கு ரேஷன் கார்டும் வாங்கித் தருவாராடா உங்க சாரு?" என்றாள். ஆனால் விடிந்ததும் குழாயடியிலிருந்து முதல் இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றியதும் அவள்தான்.

கவலைப்படுகிறவனுக்குக் கன்று வளர்ப்பு நல்ல தொழில். ஆடு மேயுமோ, கரையான் ஏறுமோ, மே மாத அனல்காற்றில் கருகுமோ என்று நான் சாப்பாட்டு நேரத்தில்கூட ஓடிவந்து பார்ப்பேன். கயிறு கட்டி, நூல் பிடித்த மாதிரி வரிசையாக நட்டதும் நான்தான். கோணலாக நின்றால் எனக்குத் தூக்கம் வராது. டிசம்பர் பனிக்குக் கடையிலிருந்து காலி மிளகாய்ச் சாக்குகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு கன்றுக்கும் போர்த்தினேன். பனியும் தாக்கவில்லை, ஆடும் அண்டவில்லை. குடிசைப் பிள்ளைகள்தான் அச்சு அச்சென்று தும்மிக்கொண்டிருந்தன. "அடுத்து மரம் தும்மப் போவுது, போய் மூக்கத் தொடச்சு வுடு" என்பாள் அக்கா.

சார் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "நீ கவலப்படறதுக்குன்னே பொறந்தவன்யா. கொஞ்சத்த எங்கிட்ட வுடு." விட்டேன். என் கவலைப் பட்டியலில் எறும்பு வரைக்கும் இருந்தது, அவர் பெயர் மட்டும் இல்லை.

நாலாம் வருஷம் நாவல் ஆள் உயரம் தாண்டியது. அப்போது ஃபைலும் அளவு நாடாவுமாக நாலு பேர் வந்தார்கள். முதல் மரத்தில் நாடாவை வைத்தார்கள், அங்கிருந்து அடுத்தது, அடுத்தது. வரிசை நேராக இருந்ததால் அவர்களுக்கு வேலை சுலபம். நானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நம் இடத்தை நமக்கு எழுதப்போகிறார்கள் என்று நினைத்த மடையன். மர வரிசைக்கு உள்ளே இருப்பது முழுக்கப் பூங்கா நிலம் என்று ஃபைலில் எழுதிக்கொண்ட அதிகாரி, கூட வந்த சபேசன் சாரிடம் இந்தியில் கேட்டார்: முதலில் வந்தது குடிசையா, மரமா?

சார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"பேட் பெஹ்லே" என்றார். மரம்தான் முதல். குவார்ட்டர்ஸ் ஆட்கள் நட்டது, இவர்கள் பிறகு வந்து குடிசை போட்டவர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த அளவு இந்தி எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். "ஏன் சார், நேத்துக்கூட உங்க ஊட்டுப் பாத்திரம் தேச்சனே, நான் எப்ப சார் வந்தேன்?"

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா" என்றார் மெதுவாக.

பத்து நாளில் எல்லாம் முடிந்தது. மரத்தில் ஒரு கிளைகூட ஒடியாமல் பார்த்து இடித்தார்கள். எங்களை யமுனைக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பாத்திரம் தேய்க்க முடியவில்லை. நாலு வீடும் போனது. அடுத்த பொங்கலுக்கு முன்னால் அக்கா குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டாள். நான் கடையிலேயே படுத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் கழித்து, சபேசன் சார் ஒரு மாலை கடைக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. அரைக் கிலோ மிளகாய் கேட்டுவிட்டு, தராசைப் பிடித்திருந்த என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ரோட்ட அகலம் பண்றாங்கப்பா. நம்ம நாவல் மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. காய்க்க ஆரம்பிச்ச மரம். நீயும் நானும் ஒவ்வொண்ணா வச்சது. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் கேட்க எத்தனையோ இரவு எத்தனையோ கேள்வி தயார் செய்திருக்கிறேன். முதலாளி கல்லாவில் இருந்தார், வாடிக்கையாளரிடம் வாய்கொடுத்தால் வேலை போகுமே என்ற கவலை வேறு. பொட்டலத்துக்கு நூலை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"அது குவார்ட்டர்ஸ்காரங்க வச்ச மரம் சார். நாங்கதான் அப்புறம் வந்தோம்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கல்லாவில் காசு கொடுத்தார். பிறகு போய்விட்டார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

நாவல் பழம் தின்ற அன்று வீட்டுக்குப் போகாமல், எங்கள் குடிசை இருந்த நாலாக் கரையில் இறங்கினேன். நாலாவின் மேல் மேம்பாலம். குவார்ட்டர்ஸை இடித்து ஏதோ உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வாசல் எங்கே இருந்தது என்று தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. அந்த வரிசையில் இரண்டு மரமாவது மிஞ்சியிருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கயிறு பிடித்து, இதுதான் அக்காவின் அடுப்பு இருந்த இடம் என்று காட்டியிருப்பேன்.