அண்ணன் பெயரில் என் நெஞ்சு

அந்த எக்ஸ்ரே உறையின்மேல் அண்ணனின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தது என் நெஞ்சு. இதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடுகிற வேலை. ஒருவழியாகப் பர்மனென்ட் பட்டியலில் பெயர் வந்தது. மெடிக்கல் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். மனுஷனுக்கோ மூன்று மாதமாக விடாத இருமல். "படத்துல கரி தெரிஞ்சா அவ்ளோதான்டா. என் கார்ட எடுத்துகினு நீ போய் நின்னுட்டு வந்துடு" என்றார். இருவருக்கும் ஒரே முகவெட்டு. நான் குறிஞ்சிப்பாடி அரிசி ஆலையில் மூட்டை தைப்பவன், பீடியைத் தொட்டதில்லை. இதிலென்ன வந்துவிடப் போகிறது என்று போய் நின்றேன். அறிவுகெட்டவன்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஆபீசுக்கும் ஒரு பிரதி போய்விட்டது. அதில் 'ரெடிகுலர்' என்று ஒரு சொல். வடலூர் பஸ் நிலையத்தில் நின்றபடியே செல்போனில் தேடினோம். வலை போன்ற கோடுகள் கொண்டது என்று வந்தது. நெஞ்சுக்குள் எவன் வலை கட்டினான் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நுரையீரல்ல தழும்பு ஓடியிருக்கு. அதான் வலையாட்டம் தெரியுது. தூசியில வேலையா? தள்ளிப் போடாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். ஆலையில் நாள் முழுக்க உமித்தூசியில் உட்கார்ந்திருப்பவன் நான். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்றல்லவா நினைத்திருந்தேன்!

பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறகு அவரும் வேறு இடத்தில் தனியாக ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. வெறும் சளி. ஆள் மாறி நின்றதைச் சொன்னால் இருக்கிற கான்ட்ராக்டும் போகும். வாயைத் திறக்க வழியில்லை. அண்ணி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அண்ணன் இன்றும் கான்ட்ராக்ட்தான். அன்று என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திட்டவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமையே ஷிஃப்டை விட்டுவிட்டு என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் பெண், "பேர் சொல்லுங்க" என்றாள். படத்தில் இருப்பது அண்ணன் பெயர். எதைச் சொல்வது என்று தெரியாமல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற அண்ணன் படத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார்.

"வேற படம் எடுத்துக்கலாம். இந்தத் தடவ உம்பேரச் சொல்லுடா."