இளம்பரிதிக்குத் தெரிந்த வீடு

நைட் ஷிப்ட் முடித்து வந்து நஜிமுதீன் பகலில் கண்ணயரும் நாட்களில், கோலமாவுக்காரர் அந்தத் தெருவில் கூவவே மாட்டார். ஏனென்று நஜிமுதீனின் மனைவி ஜான் பீவிக்கு வெகுநாள் தெரியாது. கோலமாவுக்காரரே ஒருநாள் சொன்னார்: "பக்கத்து வூட்டம்மா முனையிலயே மறிச்சிக்கினு, 'நைட் ஷிப்ட் தூங்குது, வாயத் தொறக்காம போ'ங்குதும்மா."

அந்தப் பக்கத்து வீட்டம்மாதான் சாமியம்மாள். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், மரங்கள் அடர்ந்த அந்தப் பழைய பிளாக்கில் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை ஜான் பீவியின் காதில் விழுந்ததும் அதனால்தான். சாமியம்மாளின் மகன் இளம்பரிதி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வருஷங்கள் ஓடியும் வேலை நிரந்தரமாகவில்லை. ஏதோ பேச்சில் அப்பா ராஜேந்திரன், "பர்மனன்ட் ஆனாதான் இந்த வூட்டுப் படி ஏறணும், ஆமா!" என்றுவிட்டார். கோபத்தில் எந்த வீட்டிலும் வருகிற வார்த்தைதான். பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறினான். அவனுடைய போனும் அடங்கிப்போயிற்று.

அதன்பின் சாமியம்மாள் அடிக்கடி வடலூர் தருமசாலைக்குப் போவாள். சாமி கும்பிட்டுவிட்டு, பந்தியில் சாப்பிடுகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். "எங்கயாச்சும் பசியோட குந்திக்கினு இருப்பான்க்கா" என்பாள். ஜான் பீவியும் ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்காகக் கையேந்தினாள். இறைவன் மனம் இரங்கவில்லை.

2016இல் ராஜேந்திரன் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பக்கத்திலேயே வடக்குத்து ஊரில் வீடு பார்த்தார்கள்.

"கூப்பிடு தூரந்தானே சாமியம்மா" என்றாள் ஜான் பீவி.

"எனக்குக் கூப்பிடு தூரம். அவனுக்கு இந்த வூடுதான தெரியும்? யாரோ கதவத் தொறந்தா, நாங்க செத்துட்டோம்னு நெனச்சிக்கினு திரும்பிடுவான்க்கா."

ராஜேந்திரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குனிந்து பெட்டிக் கயிற்றை மறுபடி இறுக்கினார்.

"அம்மிக்கல்லுகூட ஏறிடுச்சி, நீங்கதான் பாக்கிங்கம்மா" என்றான் சாமான் வண்டிக்காரன்.

சாமியம்மாள் ஜான் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரும் ஆடியோடு நஜிமுதீனுக்கும் சர்வீஸ் முடிகிறது. அவர்களும் காலி செய்ய வேண்டியவர்கள்தான். அதை ஜான் பீவி அவளிடம் சொல்லவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவள் சாமியம்மாளை உயிரோடு பார்க்கவுமில்லை.

வண்டியில் ஏறும்போது சாமியம்மாள் சொன்னாள்: "அவன் வந்தான்னா வாசல்லயே நிறுத்திச் சொல்லிடாதக்கா. உள்ள கூப்ட்டு ஒரு வாய் சோறு போடு. துன்னு முடிச்சப்புறம் சொல்லு, நாங்க இங்க இல்லன்னு."