தாருக்கும் மண்ணுக்கும் ஒரே ஜோடி

நான் காலையில் ஓடுகிறவள். தோட்டத்து வேலையிலிருந்து நின்ற மறுமாதம் ஆரம்பித்தேன். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். நடந்து பார்த்தேன், போதவில்லை. முதுகில் கூடை இல்லாமல் இறக்கத்தில் இறங்கினால் கால் தானாகவே வேகம் பிடிக்கிறது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். லயத்துப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

"என்னக்கா, நாய் தொரத்துதா?"

"நான்தான்டி நாயத் தொரத்துறேன். ஓரமா நில்லு."

எங்கள் லயத்திலிருந்து தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. அது முடியும் இடத்தில் தார் ரோடு. ரோட்டில் பேக்டரி கேட் வரை போய், தொட்டுவிட்டுத் திரும்புவேன். பாதி மண், பாதி தார். முதல் வருடம் வெறுங்காலோடுதான் ஓடினேன். பாதை ஒன்றும் செய்யவில்லை. தார்தான் குதிகாலைப் பிளந்தது. நானும் என் மகளும் மட்டும்தான் வீட்டில். அவள் பேக்டரியில் வேலை செய்கிறாள். வெடிப்பைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய ஷூவைக் கொடுத்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பஞ்சு மாதிரி ஏதோ வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓடிய இரண்டாம் வாரம் கானில் விழுந்தேன்.

கான் என்றால் மழைத்தண்ணீர் இறங்குவதற்குச் செடிகளுக்கு நடுவே வெட்டிவிடுகிற வாய்க்கால். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண்ணும் கையும் செடியின் மேல்தான் இருக்கும். இடுப்பளவு செடிக்குக் கீழே கான் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று கால்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் சிறுமியாக இருந்தபோதே பழகிய கால் இது. கப்பலேறி இங்கே வந்த பிறகும் இத்தனை வருடம் அதுதான் எனக்கு வழி பார்த்தது. கூட வேலை செய்தவர்கள் பலமுறை கானில் விழுந்திருக்கிறார்கள். நான் விழுந்ததில்லை. அதனால் குற்றம் ஷூவின் மேல்தான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலுக்கும் மண்ணுக்கும் நடுவே மெத்தையைப் போட்டால் கால் எதைப் பார்க்கும்?

மெல்லிய அடி வைத்த ஷூ வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் கூடலூருக்குப் போனோம்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சில் மலையாளம் கலந்து வந்தது. ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்றதும் என் மகளின் காலைப் பார்த்தார்.

"எனக்குத்தாங்க" என்றேன்.

"அம்மச்சிக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மரியாதையாகவே கேட்டார். "ரோட்டில ஓடறதா, காட்டில ஓடறதா?"

"ரெண்டுலயும்."

"அப்போ ரெண்டு ஜோடி வேணும். ரோட்டுக்கு வேற, காட்டுக்கு வேற."

"நடுவுல உக்காந்து மாத்திக்கிட்டா ஓடுவாங்க? ஒரே ஜோடி குடுங்க."

அடியில் பெரிய பெரிய பல் வைத்த ஒன்றை எடுத்து வந்தார். மண்ணைக் கவ்வும். ஆனால் தாரில் அந்தப் பல் ஒவ்வொன்றும் உள்ளங்காலைக் குத்தும் என்று பார்த்தாலே தெரிந்தது. வழுவழுவென்று இருந்த இன்னொன்றைக் காட்டினார். ஈரப் பாதையில் அதைப் போட்டால் உட்கார்ந்தே லயத்துக்கு வந்துவிடலாம். மூன்றாவது, முன்பக்கம் குறுகலாக இருந்தது. என் விரல்கள் எல்லாம் செருப்பே காணாமல் விரிந்து வளர்ந்தவை.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொற சொல்ற" என்றாள் மகள்.

"கட்டிக்கிட்டு ஓடப்போறது நான்டி."

கடைக்காரர் சிரித்துவிட்டு மேல் தட்டிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார். வெளியூரிலிருந்து ஓட வருகிறவர்கள் கேட்டார்கள் என்று வரவழைத்ததாம். குதிகால் உயரமே இல்லை. சின்னச் சின்னப் பல். முன்பக்கம் அகலம். கையால் மடித்தால் தோசை மாதிரி மடிந்தது. மூன்றும் ஒரே மாதிரி, அடியின் கனம் மட்டும் வேறு வேறு. எனக்கு அப்போதே மனது விழுந்துவிட்டது.

தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் கொடுக்கும்போது பெண்கள் எல்லோரும் ஒரு சோதனை செய்வோம். சின்னக் கல் ஒன்றைத் தரையில் வைத்து, பூட்ஸோடு அதன் மேல் ஏறி நிற்போம். கல் தெரிந்தால் அது மலைக்கு ஆகும். தெரியாவிட்டால் வேறு ஜோடி கேட்போம். நான் கடை வாசலுக்குப் போய்ச் சுண்டைக்காய் அளவு கல் ஒன்று எடுத்து வந்தேன்.

வலது காலை வைத்தேன். தெரிந்தது, துணி வழியாகத் தொடுகிற மாதிரி. இடது காலை வைத்தேன். ஒன்றும் இல்லை.

"இது கனமா இருக்குங்க" என்றேன்.

அடுத்த ஜோடியைக் கொடுத்தார். வலது கால் சொன்னது. இடது கால் சொல்லவில்லை. கல்லை நகர்த்தி விரலுக்கடியில் வைத்தேன். குதிகாலுக்கடியில் வைத்தேன்.

"இதிலும் மெலிசு ஒண்ணுதான் உண்டு அம்மச்சி. அதுக்கும் மேல கேட்டா காகிதத்திலதான் செய்யணும்."

அந்தக் கடைசி ஜோடியைப் போட்டுக்கொண்டு இடது காலால் முழு பாரத்தையும் கல்லின் மேல் இறக்கினேன். கல் இருக்கிறதா, உருண்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. ஷூவின் அடி அதன் மேல் புடைத்துக்கொண்டு நின்றது. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா, தெரியுதா?" என்றாள் மகள்.

"ம். இதுல நல்லாத் தெரியுது. இதையே கட்டச் சொல்லு."

அதைத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கால் போய்விட்டது என்று சொன்னால் ஓட்டம் போகும். தனியாக வெளியே போவது போகும். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் 'பாவம்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு கண்ணால் ஓடினேன். தலை நிமிரவில்லை. தூரத்தில் மூடுபனி இருக்கிறதா, மலை தெரிகிறதா என்று ஒன்றும் பார்க்கவில்லை, பாதையை மட்டும் பார்த்தேன். மகள் வேலைக்குப் போன பிறகு கொண்டைக்கடலையைத் தரையில் போட்டு மிதித்துப் பார்ப்பேன். இன்று தெரிகிறதா, இன்று தெரிகிறதா என்று. சில நாள் தெரிந்த மாதிரி இருக்கும். அது ஆசை.

புரட்டாசியில் பாதையோரத்துத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினார்கள். கவ்வாத்து என்றால் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி நிறுத்துவது. வெட்டிய குச்சிகள் பாதையெல்லாம் கிடந்தன. சாய்வாக வெட்டுவதால் ஒவ்வொன்றும் ஊசி. பார்த்துப் பார்த்துத்தான் ஓடினேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது இடது காலுறை ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்தேன். கையில் சிவப்பு ஒட்டியது. ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்த குச்சி ஒன்று உடைந்து, உள்ளங்காலில் விரலுக்குக் கீழே நின்றது. பிடித்து இழுத்தேன், ஒரு விரற்கடை நீளம் வந்தது. வலிக்கவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வலிக்காததற்காக அழுதேன்.

மஞ்சளை வைத்துத் துணியால் கட்டினேன். காலுறையைப் பின்பக்கக் குழாயில் கசக்கினேன். மழை என்று காரணம் சொல்லி ஓடாமல் இருந்தேன். நான்காம் நாள் காலையில் மகள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா வாடை?"

"நேத்து மீன் கழுவுனேன்."

"நேத்து புரட்டாசி சனிக்கிழம. நீ மீன் கழுவுன? காலக் காட்டு."

"வேலையப் பாருடி."

"காலக் காட்டும்மா."

காட்டினேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டினார். பிறகு நைலான் நரம்பு மாதிரி மெல்லிய ஒன்றை எடுத்து, "கண்ண மூடிக்கங்கம்மா, தொடறப்பச் சொல்லுங்க" என்றார். மூடினேன். கொஞ்சம் பொறுத்து "தெரியுது" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து "இப்பவும் தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்கம்மா" என்றார் நர்ஸ்.

கண்ணைத் திறக்காமலே இருந்தேன். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "ஷூ எடுத்த அன்னைக்கே தெரியும்" என்றேன்.

இப்படிப்பட்ட காலுக்கு மெல்லிய அடியே ஆகாது, கனமானதுதான் போட வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்றார். அன்றைக்கே வந்திருந்தால் இந்தக் காயமே வந்திருக்காது என்றும் சொன்னார். மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் விரல் ஒன்றை எடுக்க வேண்டிவரும், இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாதி வழி வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நான் பக்கத்துலதானம்மா நின்னேன். தெரியுதான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"என்கிட்டயுமா?"

உன்னிடம்தான் முக்கியமாக மறைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவள் கீழே உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கட்டை அவிழ்த்து, விளக்கைச் சாய்த்துப் பார்க்கிறாள். என் காலை இன்னொருவர் பிடிப்பது எனக்குக் கூச்சம். அவள் எங்கே தொடுகிறாள் என்பதும் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்கிறேன்.

சில நாள் "பரவால்ல" என்கிறாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் கட்டிவிட்டு எழுந்து போகிறாள். அவள் சொல்வது மெய்யா என்று என்னால் சோதிக்க முடியாது. நான் சொன்னதை அவள் அன்றைக்கு நம்பினாள். அவள் சொல்வதை இனி நான் நம்பத்தான் வேண்டும்.