கண் முகத்தில், பார்வை பிடரியில்

மல்லாவிச் சந்தியில் இடப்பக்கம் நின்ற மாட்டுவண்டியில் சைக்கிளை மோதிய அன்று, என் இடக்கண் போய்விட்டதென்று முடிவெடுத்தேன். ஒப்பரேஷன் செய்யச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் அம்மா என் இடக்கண்ணைப் பொத்தி, விரல்களைக் காட்டினார். வலப்பக்கம் காட்டியவற்றைச் சரியாக எண்ணினேன். இடப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வலக்கண்ணைப் பொத்தியபோதும் அப்படியேதான்.

“இரண்டு கண்ணும் நல்லம் ஐயா. பிழை இதுக்குள்ள” என்று என் பின்மண்டையின் வலப்பக்கத்தைத் தொட்டார்.

“எனக்குக் கண் முகத்தில பிள்ளை, பிடரியில இல்லை.”

“ஓம், கண் முகத்திலதான். பாக்கிறது பிடரிப்பக்கத்து மூளை. அதின்ர வலப்பாதிதான் இடப்பக்கத்தைப் பாக்கிறது. அங்க ரத்தம் ஓடேல்லை. கண்ணை வெட்டிப் பிரயோசனமில்லை. தலையைத் திருப்பிப் பாத்துப் பழகுங்கோ.”

என் சந்தேகம் தீரவில்லை. ஊரை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய் ஸ்கான் செய்வித்தேன். அவர் தொட்ட அதே இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. வெறும் விரல்களைக் காட்டியே மண்டைக்குள் இடம் குறித்திருக்கிறார்.

பார்வை திரும்பவில்லை, ஆனால் இன்றும் தனியாகத்தான் வீதியைக் கடக்கிறேன். தெரியாத பக்கம் இருட்டாக இருக்குமென்று நினைத்திருந்தேன். இருட்டாக இருக்கவில்லை, ஒன்றும் குறையாதது போலவே இருந்தது. அதனால் எல்லாம் தெரிகிறதென்று தோன்றும்போதுதான் இப்போது தலையைத் திருப்புகிறேன்.